பன்னிரண்டு பேரும் இரண்டு வெறுங்கதிரையும்

அன்பு மகனுக்கு,

முதலில் பிள்ளைகளின் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்ரை மூத்தவன் நெவின் நீச்சலில் பதக்கம் வாங்கினதை நீ சொல்ல முதலே உன்ரை மனுசி எனக்குச் சொல்லிவிட்டாள். நான் ஞாயிறு பூசை முடிந்து கோவில் படி இறங்குவதற்குள் கண்ட எல்லாருக்கும் சொல்லியாயிற்று. சின்னவள் ஷெரின் பியானோச் சோதனையில் பாஸ் பண்ணி, அந்தப் பாட்டைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள், நடுவில் ஒருக்காலும் நிற்கவில்லை. அக்காவின் ஜெரோம் இங்கே மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறானல்லோ, வெளியில் பனி கொட்டக் கண்ணாடி வீட்டுக்குள் கத்தரிக்காய் காய்க்கப்பண்ணிப் பரிசு வாங்கிவிட்டான். எனக்கும் நாலு காய் கொண்டுவந்து தந்தான், பால்கறி வைத்தேன், ஊர்க் கத்தரிக்காய் தோற்றுப்போகும். கடைசியாக அக்காவின் மூத்தவள் ஜெனிற்றா. சட்டக் கல்லூரியில் கறுப்பு அங்கி போட்டு, அரசாங்கத்துக்காக வழக்குப் பேசி, வகுப்பிலேயே கூடின புள்ளி வாங்கியிருக்கிறாள். ஆனால் அந்த வழக்கில் அவள் தோற்றுப்போனாள். அவளைத் தோற்கடித்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி.

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போன கிழமை எடுத்தேன். நான் வாய் திறக்க முதல் நீ உன்ரை கதையைத் தொடங்கிவிட்டாய். "அம்மா, கோட்டிலயிருந்து கடதாசி வந்திருக்கு, ஜூரிக்கு வரட்டாம். எனக்கு இங்கிலிஷ் விளங்காது எண்டு எழுதி அனுப்பப்போறன்." நான் கேட்டேன், "ஆருக்கு இங்கிலிஷ் விளங்காது?" "எனக்குத்தான்." அதுக்குப் பிறகு நான் பேசாமல் இருந்தேன், நீ லைன் அறுந்துபோச்சு என்று நினைத்து வைத்துவிட்டாய். லைன் அறவில்லை, ராசா. ரொறொன்ரோவில் வீடு வீடாக நிலத்துக்குப் பலகை அடித்து, ஆள் வைத்து வேலை வாங்கி, நகரசபைக்காரனோடு இங்கிலிஷிலேயே சண்டை பிடித்து அவனை வாய் மூடப் பண்ணினதை எனக்கு நடித்துக் காட்டினவன் நீ. அந்த இங்கிலிஷ் இப்ப எங்கே போய்விட்டது? ஜெனிற்றாவைக் கேட்டேன். அந்தக் கடதாசியில் பொய் எழுதினால் அதுவே ஒரு குற்றமாம். ஆனால் குற்றம் என்று பயப்படுத்த நான் இதை எழுதவில்லை. நான் இருந்த அறைக்குள் உன்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் எழுதுகிறேன், பேந்து நீயே முடிவெடு.

எங்களுடையது பழகுகிற வழக்கு. படிப்பு முடிகிற ஆண்டில் பிள்ளைகள் உண்மை வழக்கு மாதிரியே நடத்திக் காட்ட வேண்டும். நீதவான் ஆசனத்தில் அவர்களின் வாத்தியார் இருப்பார். ஜூரிக்கு மட்டும் சட்டம் படிக்காத, தெருவில் போகிற சனம் வேணுமாம். ஜெனிற்றா எங்கள் கோவிலில் கேட்டு, மன்னார் பிலோமினாவைப் பிடித்தாள். என்னோடு தையல் ஃபக்டரியில் வேலை செய்தவள், எனக்குப் பக்கத்து மெசின், உனக்கு ஞாபகம் இருக்கும். நான் பார்வையாளராகத்தான் போனேன். ரொக்ஸ்பரோவில் ரயில் ஏறும்போதே பிலோமினா, "அக்கா, தூள் வாசம் அடிக்குதோ பாருங்கோ, மீன் காய்ச்சிப்போட்டு வாறன்" என்று மோந்து காட்டிக்கொண்டு வந்தாள். அங்கே போனால் ஒராள் வரவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்து, "மதாம், பிரெஞ்சு விளங்குமோ?" என்றார். ஃபக்டரியில் சுப்பவைசரிடம் ஏச்சு வாங்கியே பிரெஞ்சு படித்தவள் நான். "ஓம்" என்றேன். சொந்தக்காரர் இருக்கக்கூடாதுதான், ஆனால் இது பழக்கம்தானே என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஜெனிற்றா கிட்ட வந்து காதுக்குள் சொன்னாள், "அம்மம்மா, நான் எண்டு பாக்கக்கூடாது." நான் சொன்னேன், "நீ ஆரெண்டே எனக்குத் தெரியாது பிள்ளை."

இனி வழக்கைக் கேள். ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிற பொடியன். அங்கே இருந்த ஒரு கிழவருடைய மனுசி ஆஸ்பத்திரியில், இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறா. வெளியிலே பனிப்புயல், டாக்சி வரச் சுணங்கும் என்கிறார்கள். பொடியன் முதலாளிக்குப் போன் எடுத்து இல்லத்து வான் வண்டியைக் கேட்கிறான். முதலாளி, இந்தக் காலநிலையில் வான் வெளிக்கிடக்கூடாது, டாக்சிக்குப் பார் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவன் போனை வைத்துவிட்டு, கொழுவியில் தொங்கின, வானை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை எடுத்து, கிழவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கிழவர் போய்ச் சேர்ந்தார், மனுசியின் கையைப் பிடித்தார், அதுக்குப் பிறகுதான் அவ கண்ணை மூடினா. வான் அடுத்த நாள் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. முதலாளி களவு என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

ஜெனிற்றா எழும்பினாள் பார், எனக்கு மயிர் கூச்செறிந்தது. சத்தம் போடவில்லை, கையை ஆட்டவில்லை. "கேட்டீர்கள். மறுத்தார்கள். மறுத்தது உங்களுக்கு விளங்கியது. பிறகும் எடுத்தீர்கள்." நாலே கேள்வி, நாலுக்கும் அவன் ஓம் என்றான். கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் சட்டப்படி களவு களவுதான் என்று வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித் தந்தார். நியாயமான சந்தேகம் ஒன்று இருந்தால் மட்டும் விடலாமாம். நல்ல மனத்தோடு செய்தான் என்பது சந்தேகம் ஆகாதாம், தண்டனை கூடவோ குறையவோ என்பது எங்கள் வேலை இல்லையாம். செய்தானா இல்லையா, அதை மட்டும் பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்ல வேணும். ஒருத்தர் மாறி நின்றாலும் முடிவு இல்லை.

எங்களை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நீளமான மேசை, கோப்பி, பிஸ்கட். தலைவராக முசியே கஸ்தோன் என்று ஒரு வயசாளியை எடுத்தோம், பள்ளிக்கூட பஸ் ஓடி ஓய்வெடுத்தவர். அவர் கையைத் தூக்கச் சொன்னார். குற்றவாளி என்று முக்கால்வாசிப் பேருடைய கை எழும்பியது. என்னுடையதும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கு, பொடியனே ஓம் என்கிறான். பிலோமினா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏனடி?" என்றேன் தமிழில். "அவன் எடுத்தவன்தானே."

"எடுத்தவன்தான். ஆர் இல்லையெண்டது?"

"அப்ப கையைத் தூக்கு."

"அக்கா, அவன் செய்தவனோ இல்லையோ எண்டது அந்த வாத்தியாருக்கே தெரியும். உங்கடை பேத்தி நாலு கேள்வியில காட்டிப்போட்டாள். அது மட்டும்தான் வேலையெண்டா, மீன்குழம்பை அடுப்பில விட்டிட்டு வந்த என்னை ஏன் கூப்பிட்டவை?"

அதை நான் பிரெஞ்சில் மற்றவைக்குச் சொன்னேன், மீன்குழம்பையும் சேர்த்து. சிரித்தார்கள். கஸ்தோன் வாத்தியாருக்கு ஒரு கேள்வி அனுப்பலாம் என்றார். குற்றம் காட்டுப்பட்டுவிட்டது என்று நாங்கள் நினைத்தால், குற்றவாளி என்று சொல்லியே ஆகவேணுமோ? மறுமொழி வந்தது. நான் சொல்லித் தந்த சட்டத்தின்படி முடிவெடுப்பது உங்கள் கடமை. அவ்வளவுதான். கஸ்தோன், "பார்த்தீர்களா, சொல்லத்தான் வேணும்" என்றார். பிலோமினா, "சொல்லாட்டி என்ன செய்வினம் எண்டு எழுதேல்லையே" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, ராசா. பிலோமினாவில் இல்லை. அறுபது வருசத்துக் கோபம். உனக்கு நான் இதைச் சொன்னதில்லை, அங்கே அந்த வேற்றுச் சனத்துக்கு முன்னால்தான் முதன்முதல் சொன்னேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்ற வருசம், யாழ்ப்பாணக் கோட்டில் என் சித்தப்பா ஜூரியில் இருந்தார். பெரிய வீட்டுப் பொடியன் ஒருத்தன், தங்கள் கிணற்றில் தண்ணி அள்ளினதுக்காக, குறைந்த சாதி என்று சொல்லி ஒரு கூலிக்கார மனிசனை அடித்தான். அந்த மனிசன் செத்துப்போனார். அடித்ததைக் கண்டவர்கள் எத்தனையோ பேர். சித்தப்பாவும் மற்ற ஜூரிமாரும் சேர்ந்து குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தவரை அம்மா கேட்டா, "அவன் அடிச்சவனோ இல்லையோ?" சித்தப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார், "அடிச்சவன்தான். அதுக்காக எங்கடை பொடியனை மறியலுக்குக் கம்பி எண்ண அனுப்பிறதோ?" அம்மா அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போனா. அவருக்குக் குழம்பு ஊற்ற ஒருத்தரும் வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நான் அவர்களிடம் சொன்னேன், "சட்டம் இப்பிடித்தான் சொல்லுது, ஆனா எங்கடை மனம் வேறை மாதிரிச் சொல்லுது எண்டு என்ரை சித்தப்பாவும் நினைச்சிருப்பார். நீங்கள் இண்டைக்குத் திறக்கிற கதவும் அதே கதவுதான். நான் திறக்கமாட்டன்." கஸ்தோன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிலோமினாவின் முகம் சுருங்கிப்போனது. மன்னாரிலும் அப்படிக் கிணறுகள் இருந்தனதானே.

மொன்ட்ரியால்-நோரில் தலைமயிர் அலங்கரிக்கிற கடை வைத்திருக்கிற நடீன் என்று ஒரு ஹெயிட்டிக்காரி எழும்பினாள். மேசையைச் சுற்றி வந்து, ஒரு வெறுங்கதிரையை இழுத்துக் கஸ்தோனுக்கு முன்னால் வைத்தாள். "தலைவரே, வெளியில போய் முடிவைச் சொல்லப்போறது நீங்கள். என்ரை கடையில ஆளைக் கதிரையில இருத்தி, கண்ணாடியில முகத்தைப் பாத்துத்தான் நான் கதைப்பன். அந்தப் பொடியன் இதில இருக்கிறான். சொல்லுங்கோ பாப்பம்." கஸ்தோன் எழும்பினார். தொப்பியைக் கழற்றினார். வாயைத் திறந்தார். அந்தப் பொடியனாக நடித்தவனுக்கு நடிப்பே வராது, சாட்சி சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தது அவன் இல்லை. கிழவரை ஏற்றிக்கொண்டு பனிக்குள் வான் ஓடினவன். முப்பது வருசம் பனிக்குள் பஸ் ஓடின மனிசனுக்கு அவனிடம் 'கள்ளன்' என்று சொல்ல வாய் வரவில்லை. தன்ரை கதிரையில் திரும்ப இருந்துவிட்டார்.

நடீன் வென்றுவிட்டாள் என்று நான் நினைத்தேன். ஆனால் கஸ்தோன் அந்த மாதிரி ஆள் இல்லை. அவரே எழும்பிப் போய் இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, முதல் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒண்டு காணாது," என்றார். "இதில முதலாளி இருக்கிறார். பொடியனைப் பாத்துக் குற்றவாளி எண்டு சொல்ல ஏலாட்டி, இவரைப் பாத்துக் குற்றமில்லை எண்டு சொல்ல ஏலுமோ? அதையும் பாக்கவேணும்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகக் கேட்டார், "மதாம், உங்கடை சித்தப்பாவுக்கு முன்னால அந்தச் செத்த மனிசன்ரை மனைவியை இருத்தியிருந்தா?"

அந்தக் கேள்வி என்னை எப்படிப் பிடித்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் அந்த மனுசியை ஒருக்கால் கண்டிருக்கிறேன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தையடியில் நின்றவ. சித்தப்பா அவவின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டார். சொல்ல வேண்டி வந்திருந்தால் சோறு குழைத்திருக்கமாட்டார். அவர் ஒரு கதிரைக்கு மட்டும் தீர்ப்புச் சொன்னவர். மற்றக் கதிரையை அந்த அறைக்குள் விடவே இல்லை.

ஒவ்வொருவராக எழும்பி இரண்டு கதிரைக்கும் சொல்லிப் பார்த்தோம். பொடியனைப் பார்த்துக் குற்றவாளி என்று ஒருத்தருக்கும் வரவில்லை, முதலாளியைப் பார்த்துக் குற்றமில்லை என்று சொல்லத் தடுமாறினவர்களும் கடைசியில் சொல்லிவிட்டார்கள், ஒரு இளம் பெட்டை அழுதுவிட்டாள். என்னுடைய முறை வர, நான் முதலாளியின் கதிரையைப் பார்த்துச் சொன்னேன், "உங்கடை வான் வந்திட்டுது. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதை அவன் கேக்கேல்லை, அது உங்களுக்குக் கோவம்தான். அவனை வேலையால நிப்பாட்டுங்கோ, அது உங்கடை விருப்பம். ஆனா அவனைக் கள்ளன் எண்டு ஊரறியச் சொல்ல என்னட்டைக் கேக்காதேங்கோ." சொல்ல முடிந்தது, மகன். கண்ணைத் தாழ்த்தாமல் சொல்ல முடிந்தது. கடைசியாகக் கஸ்தோன். அவர் முதலாளியின் கதிரையைப் பார்த்து, "குற்றமில்லை. இனித் திறப்பைப் பூட்டி வை," என்றார். பிலோமினா கை தட்டப்போனாள், நான் பிடித்துக்கொண்டேன்.

வெளியில் வந்து கஸ்தோன் தீர்ப்பைச் சொல்ல, ஜெனிற்றா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. வீட்டுக்கு வருகிற ரயிலில் பக்கத்தில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், "அம்மம்மா, நான் எதை விட்டனான்?" "ஒண்டும் விடேல்லை." "அப்ப ஏன்?" நான் கதிரைக் கதையைச் சொன்னேன். பிறகு அவள் சொன்னதைக் கேள். இந்த நாட்டில் ஜூரி அப்படி விட்டால், ஏன் விட்டாய் என்று அவர்களை ஒருத்தரும் தண்டிக்க ஏலாதாம். ஆனால் இப்படி விடலாம் என்று வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமார் அவர்களுக்குச் சொல்லவும் கூடாதாம். "கதவு இருக்கு அம்மம்மா, ஆனா காட்டக்கூடாது. காட்டினா எல்லாரும் அதாலதான் போவினம், உங்கடை சித்தப்பாவும் போவார்." எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. தானாகத் தட்டுப்பட்டு, பயந்து பயந்து திறக்க வேண்டிய கதவு அது. நேற்றுக் காலையில் புள்ளி வந்தது. வழக்கை முழுக்கக் காட்டினவள் என்று வாத்தியார் கூடின புள்ளி போட்டிருக்கிறார், அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள், அதோடு அந்தக் கதை முடிந்தது.

இனி உன்ரை கதை. உனக்கு இங்கிலிஷ் விளங்காமல் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ இந்த நாட்டுக்கு வந்த புதிசில் அகதி விசாரணைக்குப் போனாயே, நான் வெளியில் மர வாங்கில் குந்திக்கொண்டு இருந்தேன். ஒரு மேசை, ஒரு மனுசி, உனக்கு ஒரு கதிரை. நீ சொன்னது உண்மையோ பொய்யோ என்று அந்த ஒருத்தி முடிவெடுக்க வேணும். வெளியில் வரும்போது உன்ரை சேட்டு முழுக்க வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவ உன்னை நம்பினா, அதனால்தான் இன்றைக்கு நெவின் நீந்துகிறான், ஷெரின் பியானோ அடிக்கிறாள். ஆனால் நீ இன்னும் அந்த அறையை விட்டு வெளியில் வரவில்லை. அரசாங்க மேசைக்கு முன்னால் தனிய இருக்கப் பயந்து, லைசென்ஸ் புதுப்பிக்கப் போகவே மனுசியைக் கூட்டிக்கொண்டு போகிறாய். நான் அதைக் கண்டும் காணாத மாதிரித்தான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

இப்ப உன்னைக் கூப்பிடுகிறது அந்தக் கதிரைக்கு இல்லை, ராசா. அதுக்கு முன்னால் இருக்கிற பன்னிரண்டு கதிரையில் ஒன்றுக்கு. கூப்பிடுகிற எல்லாரையும் எடுக்கமாட்டார்களாம், உன்னைப் பார்த்து வேண்டாம் என்று அனுப்பினாலும் அனுப்புவார்கள். ஆனால் நீயாகப் பொய் எழுதி விலகாதே. உன்னுடையது பழகுகிற வழக்கும் இல்லை, வெறுங்கதிரையும் இல்லை. அதில் உண்மையான ஒரு ஆள் சேட்டு நனைந்துபோய் இருப்பான். அவனுக்குப் பக்கத்திலோ பின்னாலோ, அவனால் அழிந்துபோன ஆரோ ஒருத்தரும் இருப்பினம். இரண்டு பேரையும் பார்க்க வேணும். சட்டத்தைத் தள்ளிவிட்டு ஆளை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, அநேகமாக அந்தச் சட்டம்தான் சரியாக இருக்கும், குற்றவாளி என்று சொல்லத்தான் வரும். சொல்ல வந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அந்தக் கதிரை எவ்வளவு சூடு என்று தெரிந்த ஒருத்தனாவது அந்த அறைக்குள் இருக்க வேண்டாமோ? மற்றப் பதினொரு பேருக்கும் அது எப்படித் தெரியும்?

உன்ரை பலகைக் கடையை ரெண்டு கிழமைக்கு உன்ரை மனுசி பார்ப்பாள், நான் கேட்டுவிட்டேன். அவள், "மாமி, அவர் போனா எனக்கும் நிம்மதி" என்றாள், அதை எப்படி எடுக்கிறாயோ எடு. நீல நிறக் கோட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு போ, தலையை ஒழுங்காக வெட்டு.

எங்கள் முன்னறைச் சுவரில் இப்ப நெவின் பதக்கத்தோடு, ஷெரின் பியானோவோடு, ஜெரோம் கத்தரிக்காயோடு, ஜெனிற்றா அங்கியோடு நிற்கிறார்கள். உன்ரை படம் என்று கலியாணப் படம்தான் கிடக்கு, அதில் நீ மீசை வைத்திருக்கிறாய், வருகிற சனம் ஆரென்று கேட்கிறது. ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டேன். எங்களுடையது பழக்கம் என்றபடியால் நான் சொன்னேன், ஆனால் உள்ளே நடந்த கதையை நீ ஒருத்தருக்கும், எனக்கும்கூட, சொல்லக்கூடாதாம், அதுவும் சட்டமாம். நான் கேட்கமாட்டேன். எல்லாம் முடிந்த அன்று, கோட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுப்பி. போனில் அனுப்பாதே, கழுவித் தபாலில் போடு. மற்றதெல்லாம் நான் உன்ரை முகத்தில் பார்த்துக்கொள்ளுவேன்.

உன் அம்மா